கறுப்பு வெள்ளையில் குங்குமம்

எங்கள் ஊர் மண் சிவப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தே இது எங்கள் பக்கத்துப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். எவ்வளவு துவைத்தாலும் காலரில் ஒரு செம்மண் நிறம் மிச்சமிருக்கும். அந்த மண் ஒரு நாள் என் கேமராவில் வெள்ளையாக விழுந்தது.

தைலமரக் காட்டுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை அது. சாயங்கால வெயில், மேலே பஞ்சு பஞ்சாக மேகம். கறுப்பு வெள்ளையில் வானம் கறுத்து மேகம் தனியாகத் தெரிய வேண்டுமானால் சிவப்பு ஃபில்டர் வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். இப்போது கண்ணாடியில் செய்த ஃபில்டர் தேவையில்லை. டிஜிட்டல் கேமராவுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. வைத்து எடுத்தேன். வானம் மழைக்கு முந்தைய வானம் போலக் கறுத்திருந்தது. கீழே பாதையைப் பார்த்தால், கோலமாவு கொட்டிவைத்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. என் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன். சிவப்பாகத்தான் இருந்தது.

சிவப்பு ஃபில்டர் சிவப்பை வெளுக்க வைக்கும், நீலத்தைக் கறுக்க வைக்கும். பச்சை ஃபில்டர் வைத்தால் சிவப்பு கறுக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேமராவோடு வந்த ஆங்கிலக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அக்கா எட்டாவதோடு நின்றாள். கல்லூரிக்குப் போனதும், கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக்கு வேலைக்குப் போவதும், சொந்தச் சம்பளத்தில் கேமரா வாங்கியதும் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். அந்தக் கையேட்டின் அட்டை கிழியாமல் இன்றும் வைத்திருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சித்தன்னவாசல் பக்கம் போவேன். மற்றவர்கள் குகை ஓவியம் பார்க்கப் போவார்கள். நான் வெளியே பாறையைப் படமெடுத்துக்கொண்டிருப்பேன். பாறைக்கு நிறம் கிடையாது, வெளிச்சமும் நிழலும்தான். உச்சி வெயிலில் எடுத்தால் தட்டையாக, சப்பென்று இருக்கும். அதே பாறையைச் சாய்ந்த வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு சொரசொரப்பும் எழுந்து நிற்கும். நிறத்தை நம்பாதே, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்: கறுப்பு வெள்ளையில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். கொஞ்ச நாளில் பஸ்ஸில் போகும்போதுகூட மனிதர்களைச் சாம்பல் நிறத்தில் நினைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்தப் பச்சைச் சேலையும் அந்தச் சிவப்பு ரவிக்கையும் ஒரே சாம்பலாகத்தான் விழும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

அப்படித்தான் அக்காவையும் பார்த்தேன். வாசல் நிலையில் சாய்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு வாசல் வடக்குப் பார்த்தது, நேர் வெயில் விழாது. முகத்தின் ஒரு பாதியில் மெல்லிய வெளிச்சம், பின்னால் வீட்டுக்குள் இருட்டு. எடுத்தால் அப்படியே நிற்கும் என்று தோன்றியது.

"அக்கா, அப்படியே இரு. ஒரு படம்."

"போடி அங்கிட்டு. என் மொகத்த எடுத்து என்ன பண்ணப் போற?"

அக்கா புகைப்படத்துக்கு நிற்பதை விட்டிருந்தாள். மச்சான் துபாய்க்குப் போனவர். வேலை பார்த்த இடத்தில் நெஞ்சு வலித்து விழுந்து, பெட்டியில் வந்து சேர்ந்தார். பிள்ளை இல்லை. காரியம் முடிந்த கொஞ்ச நாளில் மாமியார் வீட்டிலிருந்து அக்காவின் துணிமணிகளும் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களும் ஒரு வேனில் வந்து இறங்கின. பாத்திரங்களுக்கு நடுவில் அக்காவும் உட்கார்ந்து வந்தாள்.

இப்போதெல்லாம் யாரும் வெள்ளைச் சேலை கட்டச் சொல்வதில்லை. கலர்ச் சேலை கட்டலாம், வேலைக்குப் போகலாம், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பொட்டு மட்டும்தான் பாக்கி. அதற்கும் ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குங்குமம் கூடாது, சிவப்பு கூடாது. கறுப்பில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் வைத்துக்கொள்ளலாம். அம்மாவே ஒரு நாள் கடையிலிருந்து ஒரு அட்டை வாங்கி வந்தாள், மிளகு அளவுக்குக் கறுப்புப் பொட்டுகள்.

"வச்சுக்கடி. மொகம் பாழாக் கெடக்கு."

அக்கா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "வச்சா செவப்பு. இல்லாட்டி ஒண்ணும் வேணாம், ஆத்தா."

அன்றிலிருந்து அவள் நெற்றியில் ஒன்றும் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா குளித்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் திரும்பி நின்று குங்குமம் வைத்துக்கொள்வாள். தன் வீட்டிலேயே ஒளிந்து பொட்டு வைத்தவள் எங்கள் அம்மா.

முருங்கைக்கீரை உருவிய அன்று அக்கா படத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் எடுத்த மற்றப் படங்களை வாங்கிப் பார்த்தாள். பாறை, பனைமரம், பஸ் ஸ்டாண்டில் தூங்கும் நாய். ஒரு படத்தில் பூக்காரம்மா ஒருவர். நெற்றியில் அகலமான பொட்டு. அந்தப் படத்தில் மட்டும் நின்றுவிட்டாள்.

"இந்தம்மா வச்சிருக்கது என்ன பொட்டு?"

"குங்குமம்."

"கறுப்பால்ல தெரியுது."

"கறுப்பு வெள்ளையில அப்படித்தான் விழும்."

"அப்ப செவப்பு வச்சிருந்தாலும் பாக்குறவுகளுக்குக் கறுப்புன்னுதான் தோணும்?"

"ஆமா."

அவள் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் அப்பா திருச்சியில் கொத்து வேலைக்குப் போயிருந்தார். அம்மா நூறு நாள் வேலைக்குக் கிளம்பிப் போனதும் அக்கா என் ஹேண்ட்பேக்கை எடுத்துத் துழாவினாள். என்றைக்கோ கோவிலில் கொடுத்த குங்குமப் பொட்டலம் அதில் இருந்தது. அம்மாவின் குங்குமச் சிமிழ் சாமி அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அவள் தொடவில்லை.

"இப்ப எடு," என்றாள். "செவுத்துல மாட்டுற மாதிரி நல்லா எடு. எங்கிட்டு உக்காரணும்?"

நிலைப்படிக்கு உள்ளே, கதவு பாதி திறந்திருக்கும் இடத்தில் ஸ்டூல் போட்டேன். பூப்போட்ட சேலை வேண்டாம், படத்தில் குழப்பும் என்று சொல்லி ஒரே நிறச் சேலை கட்டச் சொன்னேன். அவள் கண்ணாடி பார்க்காமலே மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தாள். விரல் இடத்தைத் தேடவில்லை. நேராகப் போய் நின்றது. வட்டமாக, பெரிதாக, கல்யாணமான புதிதில் வைத்திருந்த அதே அளவில் வைத்துக்கொண்டாள்.

வைத்த பிறகு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். கேமராவில் ஒரு வசதி அது.

எடுத்ததும் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"பொட்டு எங்கடி?"

பார்த்தேன். பொட்டு இல்லை. நெற்றி வழவழவென்று, ஒரு தடமும் இல்லாமல் இருந்தது. அக்கா சட்டென்று கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டாள். விரல் நுனியில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வச்சேன்ல? நீயும் பாத்தேல?"

முந்தின நாள் சாயங்காலம் மேகத்துக்காக வைத்த சிவப்பு ஃபில்டர் அப்படியே இருந்தது. பாதையை வெளுத்தது போலவே குங்குமத்தையும் வெளுத்து நெற்றியோடு கலந்துவிட்டது. மனிதத் தோலிலும் சிவப்புதான் அதிகம். சிவப்பு ஃபில்டரில் தோலும் குங்குமமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை.

"ஒன் கேமராவுக்கும் எங்க மாமியாளுக்கும் பேச்சுவார்த்தை இருக்காடி?" என்றாள். "வச்ச ஒடனே அழிச்சிருச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கை மட்டும் நெற்றியை விட்டு இறங்கவில்லை.

"அழியல அக்கா. உள்ள இருக்கு," என்றேன். நான் எப்போதும் 'ரா' என்கிற வகையில்தான் படத்தைச் சேமிப்பேன். திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே முழு நிறமும் இருக்கும். எந்த நிறம் எவ்வளவு கறுக்க வேண்டும், எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம். "வா, காட்டுறேன்."

பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப் அது. படம் திறப்பதற்குள் அக்கா உலை வைத்துவிட்டு வந்துவிட்டாள். பக்கத்தில் உட்காரவைத்து, சிவப்புக்கான அளவுக் கோட்டை மெல்ல இடது பக்கம் இழுத்தேன். நெற்றி நடுவில் ஒரு நிழல் வந்தது. இன்னும் இழுத்தேன். நிழல் வட்டமானது, திடமானது, கறுத்தது. பொட்டு வந்துவிட்டது.

அக்கா திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஆனால் பொட்டு மட்டும் தனியாக வரவில்லை. சிவப்பைக் கறுக்க வைத்தால் முகமும் கறுக்கும். கன்னத்து எலும்பின் மேல் மச்சான் போன பிறகு படிந்த மங்கு, கண்ணுக்குக் கீழே குழி, உதட்டோரத்துக் கோடு எல்லாம் மேலே வந்தன. முதலில் திரையில் பார்த்தபோது அவள் முகம் கழுவிவிட்டது போல, கல்யாணத்துக்கு முந்தைய முகம் போல இருந்தது. கோட்டை வலது பக்கம் தள்ளினால் அந்த முகம், பொட்டு இல்லை. இடது பக்கம் இழுத்தால் பொட்டு, ஆனால் இந்த முகம். இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துக் காட்டினேன்.

"மங்கு தெரியாம, பொட்டு மட்டும் தெரியிற மாதிரியும் பண்ணலாம்," என்றேன். "மொகத்தத் தனியா, பொட்டத் தனியா வெட்டி எடுத்து வேலை பாக்கணும். எனக்கு அது தெரியும்."

"அப்ப அது ஒட்ட வச்ச பொட்டாயிரும்."

"அப்படி இல்ல அக்கா…"

"மங்கு இருந்தா இருந்துட்டுப் போகுது. எனக்குத்தான இருக்கு? நீ வச்ச எடத்துலயே விடு."

கோட்டை இடது பக்கத்தில் விட்டேன். அதற்குப் பிறகு அவள் புழக்கடைக்குப் போய் முகம் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் நெடுநேரம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிரிண்ட் போடப் புதுக்கோட்டை டவுனுக்குப் போனபோது அக்காவும் கூட வந்தாள். தனக்கு டவுனில் வேறு வேலை இருக்கிறது என்றாள். ஒரு வேலையும் இல்லை. ஸ்டூடியோவில் ஒரு அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெண்டிரைவை வாங்கிப் படத்தைத் திறந்தார். திரை முழுக்க அக்காவின் முகம் வந்து நின்றது. அக்கா என் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

அவர் திரையைவிட்டுக் கண் எடுக்காமலே கேட்டார். "அக்காவாங்க?"

"ஆமாண்ணே."

"உங்க சாடை இருக்கு. எப்பத் தவறுனாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மேலே பார்த்தேன். கடைச் சுவரில் மாதிரிக்கு மாட்டியிருந்த படங்களில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் பளபளவென்று கலரில் இருந்தன. மூலையில் மூன்று பேர் மட்டும் கறுப்பு வெள்ளை. மூன்று பேர் கழுத்திலும் பிளாஸ்டிக் மாலை.

வாய் திறக்கப் போனேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சின்ன வயசுதான்," என்று அவரே பேசிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். பொட்டு ஒரு தட்டு அளவுக்குத் திரையில் நிறைந்தது. "ஆனா குங்குமத்தோட போயிருக்காங்க. அதுக்கும் ஒரு குடுப்பினை வேணும்ங்க."

"ஆமாண்ணே," என்றாள் அக்கா. "குடுத்து வச்சவ."

அப்போதுதான் அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் திரைக்குத் திரும்பிக்கொண்டார். அந்த நெற்றியையும் இந்த நெற்றியையும் அவரால் சேர்க்க முடியவில்லை. நல்ல மனிதர்தான். சீரியல் லைட் வைத்த ஃப்ரேம் இருக்கிறது, கரண்டில் சொருகினால் சுற்றிச் சுற்றி எரியும் என்றார். முகத்தில் இருக்கும் மங்கை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கடைசியில் கீபோர்டில் கை வைத்துக்கொண்டு, "தோற்றம், மறைவு தேதி சொல்லுங்க, கீழ போட்டுர்றேன்," என்றார்.

"தேதி வேணாம்ணே."

"ஞாபகம் இல்லாட்டி வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க. பரவால்ல, இருக்கேன்."

"மறைஞ்ச தேதி நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள் அக்கா. "போட வேணாம்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, செய்தித்தாளில் சுற்றிய ஃப்ரேமை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்னவாசல் தாண்டியதும் சிரிக்க ஆரம்பித்தாள். "நான் போன பெறகும் இதையே மாட்டிருங்கடி. இன்னொரு தடவ டவுனுக்கு அலைய வேணாம்." எனக்கும் சிரிப்பு வந்தது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் நிறுத்தம் வந்தபோது நான்தான் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியின் மேல், பொட்டு இருக்கும் இடத்தை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள்.

"உள்ளயா இருக்கு?"

"உள்ளதான் ஆத்தா," என்றாள் அக்கா.

அம்மா ஃப்ரேமை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். கடையில் வாங்கும் கறுப்புப் பொட்டு அவ்வளவு பெரிதாக இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். தாத்தா படமும் மச்சான் படமும் இருக்கும் சுவரில் ஆணி அடிக்க நான் சுத்தியலை எடுத்தபோது, "அங்கிட்டு வேணாம்," என்றாள். "நீ பட்டம் வாங்குன படம் இருக்குல, அதுக்குப் பக்கத்துல மாட்டு. உசுரோட இருக்க பிள்ளைக ரெண்டும் ஒரு பக்கமா இருக்கட்டும்."

கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான் கலரில். பக்கத்தில் அக்கா கறுப்பு வெள்ளையில். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அக்கா காலையில் வாசல் கூட்டப் போகும்போது அந்தச் சுவர்ப் பக்கமாகத்தான் போவாள். நேர் வழி அது இல்லை.

சில வாரம் கழித்துப் பெரியம்மா தன் பேத்திக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வைக்க வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம். அம்மாவுக்கு நெற்றியில் வைத்துவிட்டாள். எனக்கு வைத்துவிட்டாள். அக்கா அதற்கு முன்பே டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போயிருந்தாள். எங்கள் வீட்டுக்கு யார் பத்திரிகை வைக்க வந்தாலும் அந்த நேரத்தில் அக்காவுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்த பெரியம்மாவின் கண் சுவருக்குப் போனது.

"இது எப்ப எடுத்தது?"

"இப்பத்தான்," என்றாள் அம்மா. "சின்னவ எடுத்தா."

பெரியம்மா எழுந்து கிட்டே போனாள். கண்ணைச் சுருக்கினாள். "இப்ப எடுத்ததா? பொட்டுல்ல இருக்கு? இம்புட்டுப் பெருசா? என்னடி கூத்து இது? எவ கண்ணுலயாச்சும் பட்டா என்ன பேசுவாளுக?"

"குங்குமம்" என்ற சொல் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. படித்தவள் நான், எனக்கு என்ன பயம்? ஆனால் என்னை முந்திக்கொண்டு அம்மா பேசிவிட்டாள். தாம்பாளத்தில் சிந்திய குங்குமத்தைச் சேலை முந்தியால் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"குங்குமம் இல்லக்கா. கறுப்புப் பொட்டு. கடையில விக்கிதுல, அது. வெறும் நெத்தியா எடுக்க வேணாமேன்னு நான்தான் வைக்கச் சொன்னேன்."

பெரியம்மா நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. படத்தில் நிறம் இல்லை. எதை வைத்து மறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதற்காகத்தானே அக்கா கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உட்கார்ந்தாள்? அவள் போட்ட கணக்கு அப்படியே பலித்துக்கொண்டிருந்தது.

அக்கா டீயோடு வந்து நின்றாள். அடுப்படியில் எல்லாம் கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் அடுப்படிக்குக் கதவு கிடையாது.

பெரியம்மா அவளிடமே கேட்டாள். "என்னடி, கறுப்பா?"

அக்கா முதலில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத இடத்தை. பிறகு சுவரைப் பார்த்தாள். கடைசியில் டம்ளரைப் பெரியம்மாவின் கையில் கொடுத்தாள்.

"ஆமா பெரியம்மா," என்றாள். "கறுப்புதான். சூடா இருக்கு, பாத்துக் குடிங்க."